நுங்கம்பாக்கத்துப் பந்தும் காட்டுப்பள்ளிச் சுவரும்

விளையாட்டுக்கு விமர்சனம் எதற்கு என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கதை என்றால் நன்றாக இருக்கிறதா இல்லையா என்று இரண்டு பேர் சண்டை போடலாம். கச்சேரி என்றால் சுருதி சேர்ந்ததா இல்லையா என்று நாலு பேர் சண்டை போடலாம். பந்தாட்டத்தில் அதற்கெல்லாம் இடம் ஏது? ஜெயித்தவர் ஜெயித்தார், தோற்றவர் தோற்றார். கோப்பையைக் கொடுத்துவிட்டு விளக்கை அணைத்துவிட்டுப் போகவேண்டியதுதான் என்பது அவர்களுடைய கட்சி.

எனக்கு இந்தக் கட்சியில் சேர விருப்பமில்லை. கதையின் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்தவனைக் கதை படித்தவன் என்று நாம் ஒப்புக்கொள்வதில்லை. ஆட்டத்தின் முடிவை மட்டும் தெரிந்துகொண்டவனுக்கும் அதே கதிதான். அதோடு, ஒரு பந்தயம் என்பது பந்தடிக்கிற இரண்டு பேர் மட்டும் அல்ல. அதை நடத்துகிறவர்கள், பார்க்கிறவர்கள், அதைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுகிறவர்கள் எல்லோரும் சேர்ந்துதான் பந்தயம். அவர்களில் யாருக்கும் ஸ்கோர் போர்டில் எண் கிடையாது. அவர்கள் ஜெயித்தார்களா தோற்றார்களா என்று சொல்ல விமர்சனத்தை விட்டால் வேறு வழியில்லை.

சென்னையில் பெண்களுக்கான டபிள்யு.டி.ஏ. வரிசை டென்னிஸ் பந்தயம் 2025 வரை இரண்டு முறை நடந்திருக்கிறது. முதலாவது 2022-ம் வருஷம் செப்டம்பர் மாதம். இரண்டாவது 2025 அக்டோபர் கடைசியில் தொடங்கி நவம்பர் 2-ம் தேதி முடிந்தது. இரண்டும் நுங்கம்பாக்கம் டென்னிஸ் அரங்கத்தில்தான். 1997 முதல் 2017 வரை ஆண்களின் சென்னை ஓபன் வருஷந்தோறும் அங்கேதான் நடந்துவந்தது. அது புனேக்குப் போய்விட்ட பிறகு சில வருஷங்கள் அந்தப் பெயருக்கு வேலை இல்லாமல் இருந்தது. பிறகு பெண்கள் வந்து அதை எடுத்துக்கொண்டார்கள். பெங்களூரில் 2008-ல் ஸெரீனா வில்லியம்ஸ் ஜெயித்த பந்தயத்துக்குப் பிறகு 14 வருஷம் இந்தியாவில் டபிள்யு.டி.ஏ. வரிசைப் பந்தயம் எதுவும் நடக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

என் சிநேகிதர் ஒருவருக்கு இந்த ஏற்பாடே பிடிக்கவில்லை. "யாரோ செக் நாட்டுப் பெண்ணும் யாரோ போலந்து நாட்டுப் பெண்ணும் வந்து நுங்கம்பாக்கத்தில் ஆடினால் நமக்கு என்ன ஐயா லாபம்? சர்க்கார் பணம் வேறு!" என்றார். இவர் மார்கழி மாதம் முழுவதும் சபா சபாவாக ஏறி இறங்குகிறவர். பாடுகிறவர் எந்த ஊர், எந்தத் தெரு என்று இதுவரை அவர் விசாரித்ததே இல்லை. குரல் நன்றாக இருந்தால் போதும் என்பார். அந்த நியாயத்தைப் பந்துக்கு மட்டும் ஏன் மறுக்கிறார் என்று கேட்டேன். "அது கலை, இது போட்டி" என்றார். அந்தப் பதிலில் பாதி சரி, பாதி தப்பு. தப்பான பாதியை முதலில் பார்ப்போம்.

2022 செப்டம்பர் 18-ம் தேதி மாலை நடந்த இறுதி ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. ஒரு பக்கம் மாக்டா லினெட், போலந்துக்காரர், வயது 30. எதிர்ப்பக்கம் லிண்டா ஃப்ருஹ்விர்த்தோவா, செக் நாட்டவள், வயது 17. ஒருவர் பல வருஷமாக ஊர் ஊராகப் போய் ஆடி, ஜெயித்து, தோற்று, எல்லாவற்றையும் பார்த்தவர். மற்றவள் இன்னும் எதையும் பார்க்காதவள். முதல் செட்டை 6–4 என்று பெரியவர் எடுத்தார். இரண்டாவதை 6–3 என்று சின்னவள் எடுத்தாள். மூன்றாவதில் பெரியவர் 4–1 என்று முன்னே போய்விட்டார். இன்னும் இரண்டு கேம் எடுத்தால் கோப்பை அவருடையது.

அந்த இடத்தில்தான் கதை ஆரம்பித்தது. சின்னவள் வரிசையாக ஐந்து கேம் எடுத்து 6–4 என்று முடித்துவிட்டாள். அவளுடைய முதல் டபிள்யு.டி.ஏ. பட்டம் அது.

இதைக் காட்டுப்பள்ளியில் ஒரு டீக்கடை வாசலில் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த அம்மாள் ஒருத்தி, டென்னிஸ் என்ற பெயரைக் கேட்டிருப்பாளே தவிர, அதன் கணக்கு அவளுக்குத் தெரியாது. யார் முன்னால், யார் பின்னால் என்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டாள். சிறிது நேரம் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"இன்னா சார், தோத்துக்கினு கீற பொண்ணு மூஞ்சியில ஒரு கலக்கமும் காணோம். ஜெயிச்சுக்கினு கீறதுதான் பயந்துக்கினு கீது."

மீன் ஏலத்தில் நின்று பழகியவர்களுக்கு முகம் படிக்கத் தெரியும். விலையை யார் ஏற்றப் போகிறான், யார் பின்வாங்கப் போகிறான் என்பது வாயைத் திறப்பதற்கு முன்பே கண்ணில் தெரிந்துவிடும். அடுத்த நாள் நான் படித்த பத்திரிகைச் செய்திகளில் பந்து எத்தனை, தவறு எத்தனை என்ற கணக்கெல்லாம் இருந்தது. அந்த அம்மாள் பார்த்த விஷயம் இல்லை. கையில் இருப்பதைக் காப்பாற்ற நினைக்கிறவனுக்கு வருகிற நடுக்கமும், இழக்க ஒன்றும் இல்லாதவளுக்கு வருகிற நிதானமும் எதிரெதிரே நின்றால் அது நாடகம் இல்லாமல் வேறென்ன? அதை எழுத நாவலாசிரியன் முந்நூறு பக்கம் எடுத்துக்கொள்வான். அந்த இரண்டு பெண்களும் ஒரு செட்டில் காட்டிவிட்டார்கள்.

கதை அங்கே முடியவும் இல்லை. தோற்ற லினெட், நான்கு மாதம் கழித்து 2023 ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓபனில் அரை இறுதி வரை போனார். அவருடைய வாழ்க்கையிலேயே அதுதான் மிகப் பெரிய வாரம். ஜெயித்த சின்னவளும் 2023-ல் உலகத் தரவரிசையில் முதல் 50-க்குள் வந்தாள். அடுத்த வருஷமே நூறுக்கு வெளியே போய்விட்டாள். சென்னையில் கோப்பை வாங்கியது யார் என்பதும், சென்னையிலிருந்து எதையாவது கற்றுக்கொண்டு போனது யார் என்பதும் ஒரே கேள்வி அல்ல. கடைசிப் பக்கம் மட்டும் படிக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி, பார்த்தவர்களையும் எழுதியவர்களையும் பற்றி.

2022 பந்தயத்தில் முதல் இடத்தில் வைக்கப்பட்டிருந்தவர் அலிசன் ரிஸ்க் அமிர்தராஜ் என்ற அமெரிக்கர். ஆனந்த் அமிர்தராஜின் மகனைக் கல்யாணம் செய்துகொண்டவர். அவ்வளவுதான், "சென்னை மருமகள்" என்று கொண்டாட ஆரம்பித்துவிட்டோம். முதல் சுற்றிலேயே அனஸ்தாசியா காஸனோவாவிடம் தோற்றுப்போனார். மருமகள் தோற்றாளே என்று வருத்தப்பட்டோமே ஒழிய, தரவரிசையில் எவ்வளவோ கீழே இருந்த ஒருத்தி முதல் இடத்துக்காரரை எப்படி மடக்கினாள் என்று கேட்டவர்கள் குறைவு. கனடாவிலிருந்து யூஜினி பூஷார் வந்தார். 2014-ல் விம்பிள்டன் இறுதி ஆட்டம் வரை போனவர். தோளில் ஆபரேஷன் செய்துகொண்டு நீண்ட காலம் ஆடாமல் இருந்து திரும்பி வந்திருந்தவர். அந்தத் தோள் இப்போது எப்படி இருக்கிறது, சர்வ் போடும்போது கை முழுசாக மேலே போகிறதா என்றல்லவா ரஸிகன் பார்க்க வேண்டும்? என் காதில் விழுந்த பேச்செல்லாம் அவருடைய அழகைப் பற்றித்தான்.

ஆண்கள் ஆடிய 21 வருஷங்களில் யாரையும் "சென்னை மாப்பிள்ளை" என்று யாரும் எழுதியதாக எனக்கு நினைவில்லை. அவர்களுடைய கால்சட்டை எவ்வளவு நீளம் என்று யாரும் அளக்கவுமில்லை. பெண் ஆட வந்தால் மட்டும் நமக்கு உறவுமுறையும் உடுப்பும் ஞாபகத்துக்கு வந்துவிடுகின்றன. பெண் பார்க்கப் போன இடத்தில் காட்டுகிற கவனத்தை ஆட்டம் பார்க்கப் போன இடத்தில் காட்டுவது ரஸனை அல்ல.

அந்த வாரம் உண்மையாகவே எழுதத் தகுந்த ஆள் ஒருவர் வந்திருந்தார். ஜெர்மனியைச் சேர்ந்த தட்யானா மரியா. அப்போது அவருக்கு வயது 35, இரண்டு குழந்தைகளின் தாய். இரண்டாவது பிரசவம் முடிந்து ஒரு வருஷம் சொச்சத்தில் 2022 விம்பிள்டன் அரை இறுதியில் ஆடியவர். குஜராத்தில் பிறந்த நம் அங்கிதா ரெய்னா முதல் சுற்றில் அவரிடம்தான் 0–6, 1–6 என்று தோற்றார். "இந்திய வீராங்கனை படுதோல்வி" என்று எழுதினோம். யாரிடம் தோற்றார், அந்த வெட்டுப் பந்து எப்படித் தரையோடு தரையாகப் போயிற்று என்று எழுதவில்லை. அதே மரியா 2025-ல் தம்முடைய 37-வது வயதில் லண்டன் குவீன்ஸ் கிளப் பந்தயத்தை ஜெயித்தார். கல்யாணம் ஆனால் ஆட்டம் முடிந்தது, குழந்தை பிறந்தால் மட்டையைப் பரண்மேல் போடு என்று சொல்லுகிற வீடுகள் நம் ஊரில் எத்தனை! அந்த வீட்டுப் பெண்களுக்குச் சொல்லவேண்டிய கதை நுங்கம்பாக்கத்தில் நேரில் வந்து நின்றது. நாம் அதைத் தவறவிட்டோம்.

டில்லிப் பெண் கர்மன் கௌர் தண்டியைப் பற்றி மட்டும் நியாயமாக எழுதினார்கள். பிரான்ஸின் க்ளோயி பாகேயிடம் முதல் செட்டை இழந்துவிட்டு அடுத்த இரண்டையும் எடுத்தார். இரண்டாவது சுற்றில் பூஷாரிடம் தோற்றார், ஆனாலும் இரண்டாவது செட்டை டை-பிரேக் வரை இழுத்தார். வைல்டு கார்டு என்பது விருந்துக்கு அழைப்பு மாதிரி. அழைப்பு வந்ததே என்று போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறவர்களும் உண்டு. சமையல்கட்டுக்குள் நுழைந்து கரண்டியைப் பிடிக்கிறவர்களும் உண்டு. தண்டி கரண்டியைப் பிடித்தார்.

இப்போது என் சிநேகிதர் சொன்னதில் சரியான பாதிக்கு வருகிறேன்.

நமக்கு என்ன லாபம் என்ற கேள்வியை நான் எடுத்தெறிந்து பேசமாட்டேன். 2022-ல் இந்தப் பந்தயம் நமக்குக் கிடைத்ததே ஒரு தற்செயல். அந்த வருஷம் சீனாவில் பெண்கள் பந்தயங்கள் நடக்கவில்லை. காலண்டரில் காலியான இடத்தில் சென்னை உட்கார்ந்தது. அதுவும் ஒரு வருஷ அனுமதி. அடுத்த இரண்டு வருஷமும் பந்தயம் இல்லை. பரிசுத் தொகை மொத்தம் 2,51,750 டாலர். அதே வருஷம் புனேயில் நடந்த, அதே படியைச் சேர்ந்த ஆண்கள் பந்தயத்தின் பரிசு இதைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேலே. ஆடுகளத்தின் நீளம் அகலம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். பணத்துக்கு மட்டும் வேறு அளவுகோல்.

இந்த அளவுகோலை எதிர்த்துத்தான் பெண்களின் தொழில்முறை டென்னிஸே பிறந்தது. 1970-ம் வருஷம் அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்தில் பில்லி ஜீன் கிங் முதலான 9 பெண்கள் ஆளுக்கு 1 டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஆண்களின் சங்கத்தை விட்டு வெளியே வந்தார்கள். 1973-ல் சங்கம் அமைத்தார்கள். அதே வருஷம் அமெரிக்க ஓபன் சமமான பரிசு கொடுத்தது. விம்பிள்டன் பெரியவர்களுக்கு அந்த நியாயம் புரிய 2007 வரை, இன்னும் 34 வருஷம் தேவைப்பட்டது.

நம் பக்கத்திலும் சரித்திரம் இல்லாமல் இல்லை. கோயம்புத்தூர்ப் பெண் நிருபமா வைத்தியநாதன் 1998-ல் ஆஸ்திரேலிய ஓபனில் ஒரு சுற்று ஜெயித்தார். தொழில்முறைக் காலத்தில் கிராண்ட் ஸ்லாம் ஒற்றையரில் ஜெயித்த முதல் இந்தியப் பெண் அவர்தான். ஸானியா மிர்ஸா 2005-ல் தம் சொந்த ஊரான ஹைதராபாத்தில் டபிள்யு.டி.ஏ. ஒற்றையர் பட்டம் வாங்கினார். ஊரில் பந்தயம் நடந்தால் ஊர்ப் பெண்ணுக்கு என்ன லாபம் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் ஸானியாவை ஹைதராபாத் பந்தயம் உண்டாக்கவில்லை. அவர் ஆறு வயதிலிருந்து அடித்த பந்துகள் உண்டாக்கின. பந்தயம் அவருக்கு மேடை போட்டுக் கொடுத்தது. மேடை போடுகிறவர்கள் மேடை ஏறுகிறவள் எங்கிருந்து வருவாள் என்பதையும் யோசிக்க வேண்டும்.

எங்கிருந்து வருவாள்? காட்டுப்பள்ளியிலிருந்து வருவாளா?

வழியைச் சொல்லுகிறேன். காட்டுப்பள்ளியில் புறப்பட்டு, கன்டெய்னர் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி மீஞ்சூருக்கு வர வேண்டும். மின்சார ரயில் ஏறி, எண்ணூர், திருவொற்றியூர் எல்லாம் தாண்டி சென்ட்ரலில் இறங்க வேண்டும். ரோட்டைக் கடந்து பூங்கா நிலையத்தில் வேறு ரயில் ஏறினால் நுங்கம்பாக்கம். காலையில் பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண், சாயங்காலம் மட்டையைத் தூக்கிக்கொண்டு தினமும் இந்தப் பிரயாணம் செய்து திரும்ப வேண்டும் என்றால், அவள் ஆடுவதற்கு முன்பே களைத்துவிடுவாள்.

வட சென்னைப் பெண்களுக்கு ஆட வராது என்று சொல்லிவிட முடியாது. 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பை கேரம் பந்தயத்தில் 3 தங்கப் பதக்கம் வாங்கினாள் காசிமா. அவளுக்கும் அப்போது வயது 17. வட சென்னையில் ஆட்டோ ஓட்டுகிறவரின் மகள். கேரம் பலகை எவ்வளவு பெரிது? ஆடுகிற பரப்பு 29 அங்குலத்துக்கு 29 அங்குலம். ஒற்றை அறை வீட்டிலும் விரிக்கலாம், தெரு விளக்கின் கீழும் வைக்கலாம். குத்துச்சண்டைக்கும் அப்படித்தான்; ஒரு மூட்டை தொங்கவிட இடம் இருந்தால் போதும். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் எந்த ஆட்டம் வேர் பிடித்திருக்கிறது என்று பார்த்தால், ஜனங்களின் திறமையைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது. அவர்களுக்கு எவ்வளவு இடம் மிச்சம் வைத்தோம் என்பது மட்டும் தெரியும்.

டென்னிஸ் ஆடுகளத்துக்குச் சுற்றிலும் ஓடுவதற்கான இடத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய 120 அடி நீளம், 60 அடி அகலம். ஓர் ஏக்கரில் ஆறில் ஒரு பங்கு! காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விரிவாக்கும் திட்டத்தில் பேசப்பட்ட நிலம் ஆறாயிரம் ஏக்கருக்கு மேல். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் கொசஸ்தலையாறும் உப்பங்கழியும். நடுவே இருந்த மணல் மேட்டில் முதலில் கப்பல் கட்டும் தளம் வந்தது, துறைமுகம் வந்தது. குப்பம் இடம் பெயர்ந்தது. பக்கத்திலேயே இன்னொரு துறைமுகம், அனல் மின் நிலையம், சாம்பல். கப்பலுக்கும் கரிக்கும் இடம் கண்டுபிடித்த ஊரில் பெண்கள் ஓடுவதற்கு ஆறில் ஒரு பங்கு ஏக்கர் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் அது நிலப் பஞ்சம் அல்ல.

உப்பங்கழியில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கையாலேயே இறாலைத் தடவிப் பிடிக்கிற பெண்களை இந்தப் பக்கத்தில் பார்க்கலாம். கண்ணுக்குத் தெரியாத ஒன்று சேற்றில் எந்தப் பக்கம் துள்ளும் என்று விரல் நுனிக்குத் தெரிந்திருக்க வேண்டும். டென்னிஸ் ஆசிரியர்கள் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொடுக்கப் பாடுபடுகிற முன்னுணர்வு அதுதான். அந்த அம்மாவின் மகளுக்கு மட்டை பிடிக்கத் தெரியாது என்று யாராவது என்னிடம் சொன்னால் நம்பமாட்டேன். மட்டையை அவள் பார்த்ததில்லை என்று சொன்னால் நம்புவேன்.

2025 பந்தயத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். முதல் நாட்களை மழை எடுத்துக்கொண்டது. ஆந்திரக் கரையை நோக்கிப் போன புயல், போகிற வழியில் நமக்கும் தண்ணீர் தெளித்துவிட்டுப் போயிற்று. வாரக் கடைசியில் இந்தோனேஷியாவின் ஜானிஸ் ஜென், ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பிரெலை 6–4, 6–3 என்று தோற்கடித்துக் கோப்பை வாங்கினார். ஆட்டத்தில் 2022 போல நாடகம் இல்லை, நேரான கதை. ஆனால் ஜெயித்தவருடைய கதை நேரானதல்ல. ஏஞ்சலிக் விஜாயா 2002-ல் ஜெயித்ததற்குப் பிறகு 23 வருஷம் இந்தோனேஷியாவுக்கு இந்த வரிசையில் ஒற்றையர் பட்டம் கிடையாது. ஜென் சின்ன வயதில் தொழில்முறைக்குத் தாவாமல், அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே கல்லூரி அணிக்கு ஆடி, அதற்குப் பிறகு வந்தவர். படிப்பா ஆட்டமா என்று பெண்ணின் பதினான்காவது வயதில் தீர்ப்புச் சொல்லிவிடுகிற நம் தகப்பனார்கள் அவரைப் பற்றிக் கொஞ்சம் விசாரிக்கலாம்.

அதே நவம்பர் 2-ம் தேதி இரவு நவி மும்பையில் நம் பெண்கள் கிரிக்கெட் உலகக் கோப்பையை ஜெயித்தார்கள். தேசம் முழுவதும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. அதில் எனக்கு வருத்தமில்லை. ஒரே நாளில் பெண்கள் ஆடிய இரண்டு இறுதி ஆட்டங்களில் எதைப் பார்ப்பது என்று திண்டாடுவது நல்ல திண்டாட்டம். நம் பாட்டிமார்களுக்கு அந்தக் கஷ்டம் இருந்ததில்லை.

ஆக என் அபிப்பிராயம் இதுதான். ஆடியவர்கள் குறை வைக்கவில்லை. நடத்தியவர்கள் மேடையை நன்றாகப் போட்டார்கள். ஆனால் மேடையோடு நின்றுவிட்டார்கள். பார்த்தவர்களும் எழுதியவர்களும் இன்னும் தகுதிச் சுற்றையே தாண்டவில்லை. பந்தயம் வருஷா வருஷம் வரட்டும். வரும்போது டிக்கெட்டில் ஒரு பங்கை மீஞ்சூர் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்கு ஒதுக்கி, ஒரு பஸ்ஸும் அனுப்பட்டும். மூன்றாவது செட்டில் 1–4 என்ற நிலையில் ஒரு பெண்ணின் முகம் எப்படி இருக்கிறது என்று எங்கள் ஊர்ப் பெண்கள் கைப்பேசியில் அல்லாமல் நேரில் பார்க்கட்டும்.

மைதானம் கட்டும் வரை காத்திருக்கவும் வேண்டாம். டென்னிஸ் கற்றுக்கொள்ள முதலில் எதிராளிகூடத் தேவையில்லை. ஒரு சுவர் போதும். பெரிய ஆட்டக்காரர்களில் எத்தனையோ பேர் சுவரில் அடித்துப் பழகியவர்கள்தான். காட்டுப்பள்ளியில் வேறு எதற்குக் குறைவிருந்தாலும் சுவர்களுக்குக் குறைவில்லை. துறைமுகத்துச் சுவர், மின் நிலையத்துச் சுவர், கிடங்குச் சுவர் என்று மைல் கணக்கில் எழுந்து நிற்கின்றன. அவற்றில் ஏதாவது ஒன்றின் வெளிப்பக்கத்தில், தரையிலிருந்து 3 அடி உயரத்தில் ஒரு வெள்ளைக் கோடு போட்டு, முன்னால் நாற்பது அடிக்குச் சிமெண்டுத் தளம் போட்டுக் கொடுத்தால் போதும். நாலு மட்டையும் ஒரு கூடைப் பந்தும் பள்ளிக்கூடத்தில் இருக்கட்டும்.

சுவருக்கு உள்ளே இருக்கிறவர்களுக்கு இதனால் ஒரு காசு நஷ்டம் இல்லை. சாயங்காலத்தில் கொஞ்சம் சத்தம் கேட்கும், அவ்வளவுதான்.